கலையும் கைங்கரியமும்

காவிரி பாயும் சோழநாட்டில் ஒரு பெருமாள் கோயில். உற்சவத் திருநாள். புறப்பாட்டுக்கு எம்பெருமான் எழுந்தருளியதும் நாகசுரத்தில் மல்லாரி முழங்குகிறது. தவில் உடன் ஒலிக்கிறது. தோளுக்கினியானில் வீற்றிருக்கும் திருமேனியைக் கண்டு அடியார்கள் கைகூப்பி நிற்கின்றனர். அந்த நேரத்தில், திருமேனியை வார்த்த ஸ்தபதி யார், திருவாபரணம் இழைத்த பொற்கொல்லர் யார், வாகனம் செதுக்கிய தச்சர் யார், மல்லாரி வாசிப்பவர் எவ்வூரார் என்று ஒருவரும் வினவுவதில்லை. ஆயினும் அக்கைகள் இன்றேல் அந்தச் சேவை இல்லை.

இவர்களுள் பெரும்பாலோர் பிறர் கேட்கச் செய்தவர்கள். செய்ததற்கு ஊதியம் பெற்றவர்கள். மறுபுறம், எவர் கேட்டும் பாடேன் என்று உறுதி பூண்டு, உள்ளம் உகந்ததையே பாடிய மகான்களும் இதே ஆற்றங்கரையில் வாழ்ந்தனர். பிறர் பொருட்டுச் செய்யும் கலை தாழ்ந்ததா? தன் உவப்புக்கென்று செய்யும் கலையே உயர்ந்ததா? இவ்வினா பழையது. காவிரிக்கரை வரலாறு இதற்கு ஒரு விடையை வைத்திருக்கிறது.

மானிடம் பாடா மரபு

வைணவ உலகில் இவ்வினாவை முதலில் எழுப்பியவர்கள் ஆழ்வார்களே. திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில், ஒன்பதாம் திருமொழி முழுவதையும் நம்மாழ்வார் இதற்கென்றே அருளிச்செய்தார். செல்வரைப் பாடிப் பரிசில் பெற விழையும் கவிகளை நோக்கி, சொல்லாகிய செல்வத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றீர்கள் என்று இரங்கிக் கேட்கும் பதிகம் அது. கவி பாடிப் பிழைப்பதை இழிவு என்று ஏசுவது அதன் நோக்கமன்று. பாடப்படும் பொருள் பாட்டுக்குத் தகுதியுடையதா என்பதே ஆழ்வாரின் கேள்வி.

திருமழிசையாழ்வார் சரிதத்தில் இக்கேள்வி ஒரு நாடகமாகவே நிகழ்கிறது. காஞ்சி மன்னன் தன்னைப் பாடுமாறு ஆழ்வாரின் சீடனாகிய கணிகண்ணனுக்குக் கட்டளையிட்டான். கணிகண்ணன் மறுத்தான், நாடு கடத்தப்பட்டான். சீடன் பின்னே ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வாரின் சொற்கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் நடந்தான். மன்னன் பிழை உணர்ந்து வேண்டியபின் அனைவரும் மீண்டனர். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமத்தின் வரலாறு இது. பாடமாட்டேன் என்ற ஒரு மறுப்புக்கு எம்பெருமானே துணை நின்றான் என்பது குருபரம்பரை உணர்த்தும் செய்தி.

திருவையாற்றில் ஒரு மறுப்பு

பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மறுப்பு தஞ்சைக்கு அருகே மீண்டும் ஒலித்தது. ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1767இல் திருவாரூரில் அவதரித்துத் திருவையாற்றில் வாழ்ந்து 1847இல் சித்தியடைந்தவர். அக்காலத்துத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர். சரஸ்வதி மஹால் நூலகத்தைப் பெருக்கி வளர்த்த கல்விமான். கலை அறியாத செல்வர் ஒருவரின் அழைப்பை ஒதுக்குவது எளிது. கலை அறிந்த மன்னரின் அழைப்பையும் சுவாமிகள் ஏற்கவில்லை என்பது சீடர் வழி வந்த செய்தி. கல்யாணி ராகத்தில் அமைந்த 'நிதி சால சுகமா' என்னும் கிருதியை அந்நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்வது மரபு.

இம்மறுப்புக்கு விலை உண்டு. தமையனார் சினந்து, சுவாமிகள் ஆராதித்த ஸ்ரீராம விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்தார் என்று சரிதம் கூறும். வறுமையில் உழன்ற குடும்பத்தில், வந்த செல்வத்தைத் தம்பி தள்ளினால் தமையனுக்குக் கோபம் வருவது உலக இயல்பு. தமையனை வெறும் கொடியவராகக் காட்டிவிட்டு நகர்ந்தால், சுவாமிகள் எத்தனை பெரிய இடரைத் தாங்கினார் என்பது விளங்காமற் போகும்.

சுவாமிகள் எவ்வாறு உண்டார்? உஞ்சவிருத்தி எடுத்தார்; இராமநாமம் பாடித் தெருவில் வந்தார்; இல்லந்தோறும் இட்ட அரிசியைப் பெற்றார். ஆகவே அவரும் பிறர் தந்த சோற்றையே உண்டவர். திருவையாற்றுக் குடும்பங்கள் யாவும் அவருக்குப் படியளந்தன என்றே சொல்லலாம். ஆனால் பிடி அரிசி இட்ட இல்லத்தரசி எவளும், எனக்காக இந்த ராகத்தில் ஒரு பாட்டு என்று கேட்டதில்லை. ஊர் சோறிட்டது, பாட்டு எதுவென்று ஊர் சொல்லவில்லை. அரண்மனைப் பொன்னுக்கும் தெருவில் விழுந்த அரிசிக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. பொன்னுக்குப் பின்னே ஒரு எதிர்பார்ப்பு நின்றது. அரிசிக்குப் பின்னே அது இல்லை.

கேட்டுச் செய்வித்த கலை

அப்படியாயின் அரண்மனையை அண்டிய கலைஞர் யாவரும் வழி தவறியவரோ? அவ்வாறு கூறின் தஞ்சையின் பாதிக் கலை மறைந்துவிடும். முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரும் தஞ்சை அரசவையில் பணியாற்றியவர்களே. அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக அவர்கள் வகுத்த ஆடல் முறையே இன்றளவும் பரத மேடையில் நிலைத்து நிற்கிறது. அவையினர் கலைந்து போயினர்; அவைக்கென்று வகுத்த முறை கலையவில்லை. ஊதியம் பெற்றதால் அதன் தரம் குறைந்ததென்று எவர் சொல்லக்கூடும்?

சுவாமிமலை ஸ்தபதிகளை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். அவர்கள் தொழிலில், பெருமளவு கேட்பவர் கேட்ட பின்னரே வேலை தொடங்குகிறது. இன்ன கோயிலுக்கு, இன்ன மூர்த்தி, இன்ன உயரம் என்று செய்தி வருகிறது. ஸ்தபதி தென்னை ஓலை ஒன்றைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்குகிறார். அதை மடித்து மடித்துத் தாளப் பிரிவுகளைக் குறித்துக்கொள்கிறார். இதற்கு ஒடியோலை என்று பெயர். திருமாலின் திருமேனிக்கு உத்தம தசதாலம். உச்சி முதல் உள்ளங்கால் வரை 124 அங்குலப் பகுதிகள். தாயாருக்கு மத்திம தசதாலம், 120 பகுதிகள். முகம் இத்தனை, மார்பு இத்தனை, முழந்தாள் இத்தனை என்று சிற்ப நூல் வகுத்திருக்கிறது.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுரு சமைக்கின்றனர். அதன்மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணைப் பூசுகின்றனர். அது காய்ந்தபின் மேலும் மண் அப்பிக் கம்பியால் இறுக்குகின்றனர். நெருப்பில் இட்டதும் மெழுகு உருகி வெளியேறுகிறது. அது இருந்த வெற்றிடத்தில் பஞ்சலோகக் குழம்பு இறங்குகிறது. அந்நேரம் செய்விப்பவர் தம் கையால் பொன்னும் வெள்ளியும் சிறிது உலையில் இடுவதுண்டு. இட்ட பொன் எந்த அங்கத்தில் சென்று கலந்தது என்று பின்னர் ஒருவராலும் காட்ட இயலாது. குளிர்ந்தபின் அச்சை உடைக்கின்றனர். ஒரு மெழுகுருவுக்கு ஒரே திருமேனி. பின்னர் உளியால் நகாசு வேலை.

செய்விப்பவருக்கும் ஸ்தபதிக்கும் உள்ள உறவை ஒடியோலையே விளக்கிவிடுகிறது. இல்லத்து மாடத்துக்கு அடங்கவேண்டும், உயரத்தைக் குறைத்துத் தருக என்று ஒருவர் கேட்டால் ஸ்தபதி இசைவார். ஓலையைச் சிறிதாக நறுக்கினால் போதும். 124 பகுதிகளும் அதனுள் அடங்கிவிடும். உயரம் குறையட்டும், முகம் மட்டும் பெரியதாக இருக்கட்டும் என்று கேட்டால் ஓலை இடங்கொடாது. அங்கே ஸ்தபதி தம் விருப்பத்தைக் காட்டி மறுக்கவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. இருவருக்கும் மேலான ஓர் அளவு இருக்கிறது என்று நினைவூட்டுகிறார். எவ்வளவு பெரிது, எப்போது வேண்டும், என்ன ஊதியம் என்பவை கேட்பவர் சொல்லத்தக்கவை. எது சரியான உரு என்பது கேட்பவரிடமும் இல்லை, செய்பவரிடமும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இவ்வுண்மை கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1010இல் நிறைவெய்திய அக்கோயிலுக்கு இராஜராஜனும் தமக்கையார் குந்தவையும் தேவியரும் அளித்த செப்புத் திருமேனிகளையும் அணிகலன்களையும் கல்வெட்டுகள் விரிவாகக் குறிக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். அது அங்கு எழுந்தருளியுள்ள இறைவனின் திருநாமம். கொடுத்தவன் பேரரசன், ஆயினும் அவன் கொடையை நிறுத்தது இறைவன் பெயர் தாங்கிய எடைக்கல்.

கேட்பவரால் வளர்ந்த கலை

கேட்பவர் என்றால் கலையைத் தாழ்த்துபவர் என்று எண்ணுவதும் பிழை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் குடும்பங்கள் உள்ளன. முன்னாளில் வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, ஓசை கூரியது, அதில் சுத்த மத்திமம் செவ்வையாக அமைவது அரிது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அக்குறை தீர வேண்டினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பலவாறு முயன்று, நீண்ட பாரி நாயனத்தைச் செம்மையாக்கித் தந்தார். அதுவே இன்று எங்கும் ஒலிக்கிறது.

இங்கே கேட்டவர் இல்லையேல் கருவி இல்லை. எனினும் பிள்ளையவர்கள் கேட்டது தம் புகழ் பாடும் ஒரு பொருளையன்று. ஒரு சுரம் தூயதாக ஒலிக்கவேண்டும் என்றே கேட்டார். ஆசாரியும் அச்சுரத்துக்கே உழைத்தார். இருவரும் ஒரே இடத்தை நோக்கி நின்றதனால், கேட்டதும் செய்ததும் ஒன்றாயின.

ஊதியம் பெற்றவர் கொடுத்தவரை மறப்பதும் தகாது. நன்றிக்கும் அளவு உண்டு என்பதைத் தேரழுந்தூர்க் கம்பரின் வரலாறு காட்டுகிறது. சடையப்ப வள்ளலின் ஆதரவில் இராமகாதை பாடிய கம்பர், நூறு பாடலுக்கு ஒருமுறை வள்ளலின் பெயரைச் சொல்ல விரும்பினார் என்றும், திருவரங்கத்து அரங்கேற்றத்தில் அது மிகையெனக் கருதப்பட்டதால் ஆயிரத்துக்கு ஒருமுறை என்று அமைந்தது என்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும் அதன் கருத்து நுட்பமானது. காவியம் வள்ளல் தந்த சோற்றில் வளர்ந்தது. ஆனால் காவியம் இராமனுடையது. வள்ளலுக்கு அதில் இடமுண்டு. அந்த இடத்துக்கு ஒரு வரம்பும் உண்டு.

தனக்கென்று செய்வது

எவரையும் கேளாது, எவருக்கும் கொடாது, தன் மகிழ்ச்சிக்கென்று செய்யும் கலை குற்றமற்றதென்று பலர் கருதுவர். அதிலும் ஒரு கண்ணி உண்டு. வெளியே நிற்கும் செல்வர் வேலை முடிந்ததும் பொருளைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். உள்ளே இருக்கும் 'யான்' என்னும் செல்வரோ போவதேயில்லை. அவர் ஓயாது புகழ் கேட்பார். குறை சொன்னால் முகம் சுளிப்பார். எளிதில் வந்ததையே போதுமென்பார். மன்னனைப் பாட மறுத்த கவி தன்னையே பாடத் தொடங்கினால், மானிடம் பாடேன் என்ற விரதம் அங்கேயே முறிந்துவிடுகிறது.

இதனைத் திருமழிசையாழ்வார் அறிந்திருந்தார். குடந்தையில் ஆராவமுதனைச் சேவித்து வாழ்ந்த நாளில், தாம் அருளிய ஓலைகளையெல்லாம் அவர் காவிரியில் விட்டார் என்பது வரலாறு. நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து மீண்டு வந்தன. தம் சீடன் ஒரு மன்னனைப் பாடலாகாது என்பதற்காக ஊரையே விட்டு வெளியேறியவர், தம் பாட்டு தம்முடையது என்ற எண்ணத்தையும் ஆற்றில் விட்டார். முதல் துறவு எளிது, இரண்டாவது அரிது. எது நிலைக்கவேண்டும் என்ற முடிவை அவர் மன்னனிடம் விடவில்லை, தம்மிடமும் வைத்துக்கொள்ளவில்லை.

விற்பதற்கும் தனக்கென்று வைத்துக்கொள்வதற்கும் அப்பால் ஒரு மூன்றாம் நிலை உண்டென்று இவ்வரலாறுகள் காட்டுகின்றன. வைணவம் அதற்குக் கைங்கரியம் என்று பெயரிட்டது. ஊதியம் பெறாமை அதன் இலக்கணமன்று. மடைப்பள்ளியில் தளிகை செய்பவரும் ஊதியம் பெறுகிறார். செய்யும் பொருளின் சரி பிழையை எவன் உகப்பைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே அதன் இலக்கணம்.

விதைநெல்

இக்காலத்துக் கலைஞனுக்குச் சோதனை மிகுதி. விமான நிலையக் கடைக்கும் விடுதிக் கூடத்துக்கும் வெளிநாட்டு மாளிகைக்கும் உருவங்கள் வேண்டப்படுகின்றன. அலங்காரத்துக்கென்று செய்வதில் இழுக்கில்லை. பழையது போலத் தோன்றுமாறு களிம்பேற்றித் தருக என்று சிலர் கேட்பர். அலங்காரமென்றே சொல்லி விற்கும் வரை அதுவும் ஒரு வேலைப்பாடு. பழையது என்றே சொல்லி விற்கத் துணியும்போது அந்த உருவில் கைத்திறன் எஞ்சலாம்; மெய் எஞ்சாது.

கும்பகோணத்துக்கு அருகே சுந்தரப்பெருமாள்கோயிலில் சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதி உள்ளது. அக்கோயிலில் எழுந்தருளியிருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை 1957இல் எடுத்த நிழற்படம் காட்டுகிறது. அத்திருமேனி கடல் கடந்தது. 1967இல் லண்டன் ஏலத்தில் விலை போனது. ஆக்ஸ்போர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நின்றது. அதனைத் திருப்பியளிக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தது. அத்திருமேனியை வார்த்த ஸ்தபதியும் கூலி பெற்றிருப்பார். கூலி பெற்றுச் செய்த உருவுக்கே ஏலத்தில் விலை கூறினர். ஆயினும் வேலைக்குக் கொடுத்த கூலி வேறு, ஆழ்வாருக்கு வைத்த விலை வேறு என்று அடியார் நெஞ்சு அறியும். முன்னது முறை; பின்னது முறைகேடு.

எல்லாரும் உஞ்சவிருத்தி எடுக்க இயலாது. குழந்தைக்குப் பாலும் பெண்ணுக்குத் திருமணமும் முதியவருக்கு மருந்தும் வேண்டும். இல்லறக் கலைஞனுக்கு வழி என்ன? சோழநாட்டு உழவனைக் கேட்டால் சொல்வான். மேட்டூர் அணை 1934இல் எழுந்தது முதல், ஜூன் 12 எப்போது வரும், மதகு எப்போது திறக்கும் என்று அவன் காத்திருக்கிறான். குறுவையும் சம்பாவும் தாளடியும் அவன் விளைவிப்பது பெரிதும் பிறர் உண்பதற்கே. நெல்லை விற்பதில் அவனுக்கு வெட்கமில்லை. அதுவே அவன் தருமம். ஆனால் விளைந்ததில் மணி திரண்ட நெல்லைப் பிரித்து வைக்கோலால் கோட்டை கட்டி வைப்பது அந்நாளைய வழக்கம். அது விதைநெல். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அதில் கைவைப்பதில்லை. விலை மிகுதியாகக் கிடைக்கிறதென்று அதை விற்றவனுக்கு அடுத்த பூ இல்லை.

கலைஞனுக்கும் அவ்வாறே. கேட்பவர் கேட்டதைச் செம்மையாகச் செய்து கூலி பெறட்டும். நாளில் ஒரு நாழிகையேனும் எவரும் கேளாத ஒன்றைச் செய்யட்டும். மணவீட்டில் பேச்சொலிக்கு நடுவே ஊதிவிட்டு வந்த நாகசுரக்காரர், விடியலில் ஆற்றங்கரையில் தனித்து அமர்ந்து ஒரு ராகத்தை ஊதிப் பார்ப்பதுண்டு. அதற்குச் சன்மானம் இல்லை; கைதட்டலும் இல்லை. அடுத்த உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டின்போது அடியார் கேட்டு உருகும் இசை அங்கிருந்தே முளைக்கிறது. விதைநெல்லும் வீட்டுக்காரன் உண்பதற்கன்று. வயலுக்குத் திரும்புவதற்கே அது காக்கப்படுகிறது. தனக்கென்று செய்யும் கலையின் நியாயமும் அதுவே.

கண் திறந்தபின்

திருமேனி முற்றுப்பெற்றதும் கடைசியாகச் செய்யும் வேலை நயனோன்மீலனம். பொன் ஊசியால் ஸ்தபதி திருக்கண்களைத் திறக்கிறார். அதுவரை புரட்டியும் கிடத்தியும் தட்டியும் செதுக்கியும் தம் கைக்குள் வைத்திருந்த உரு அது. பின்னர் பிரதிஷ்டை நிகழ்கிறது. அன்று தொட்டு அத்திருமேனியைத் தீண்டுபவர் அர்ச்சகர். செய்த ஸ்தபதி மற்ற அடியாரோடு வரிசையில் நின்று, துளசியும் தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டு வெளியே வருகிறார். பொருள் கொடுத்துச் செய்வித்த செல்வரும் அதே வரிசையில் நிற்கிறார். கொடுத்தவருக்கும் அது சொந்தமன்று, செய்தவருக்கும் சொந்தமன்று. உலையில் இட்ட பொன்னைப் போல இருவர் பங்கும் உள்ளே கரைந்து, திருமேனி ஒன்றே எஞ்சி நிற்கிறது.

உற்சவத்துக்கு வந்து சேவிக்கும் அடியார்கள் திருமுகத்தைக் கண்ட பின்னர், ஒரு கணம் அத்திருக்கண்களைத் திறந்த கையையும் நினைந்து வணங்குவாராக. கூலிக்கு உழைப்பவர் உலகில் பெரும்பாலோர். அவரவர் செய்யும் வேலையிலும் எம்பெருமான் உகப்புக்குரிய அளவு ஒன்று உண்டு. அவ்வளவு பிறழாதபடி கைகளைக் காப்பானாக அவன்.